குளிரில்லாத ஜொகூரில் ஓர் அடுப்பு

ஜொகூரில் குளிர்காலம் கிடையாது. பகலில் 32 டிகிரி, இரவில் 23, 24. வருஷம் முழுக்க இதே கணக்குத்தான். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டும்போது பெரியவர்கள் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு "என்னா குளிரு" என்பார்கள். அவ்வளவுதான். குளியலறையில் இருக்கிற வாட்டர் ஹீட்டரைத் தவிர இந்த ஊர் வீடுகளில் வேறு ஹீட்டரை நான் பார்த்ததில்லை.

மனிதர்களுக்கு இல்லாத குளிர்காலம் இங்கே மரத்துக்கு உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் மழை ஓய்ந்து வெயில் காயும் வாரங்களில் ரப்பர் மரம் இலைகளை மொத்தமாகக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். தோட்டத் துரைமார்கள் இதற்கு 'விண்டரிங்' என்று பெயர் வைத்தார்கள். இலையில்லாத மரத்தைப் பார்த்தால் அவர்களுக்குச் சொந்த ஊர் நினைவு வந்திருக்கும். நம் ஆட்களுக்கு அது பால் குறைந்து சம்பளமும் குறைகிற காலம். ஆக, வருஷத்தின் மிக வறண்ட நாட்களுக்குக் குளிர்காலம் என்று பெயர். நிஜமாகவே ஈரமும் குளுமையும் கூடும் மழை மாதங்களுக்கு அப்படிப் பெயர் இல்லை. இந்த மழை மாதங்களில்தான் ஜொகூரின் தோட்டங்களில் ஓர் அடுப்பு மிகுந்த கவனத்தோடு எரிய வேண்டியிருந்தது.

குளிர்நாட்டில் வீட்டோடு ஒட்டிய பட்டறையில் வேலை செய்கிறவர் பனி விழத் தொடங்கினால் எந்த ஹீட்டர் வாங்குவது என்று கணக்குப் போடுவார். விறகா, எண்ணெயா, மின்சாரமா? எவ்வளவு செலவாகும்? புகை எங்கே போகும்? தீப்பிடித்தால் என்ன செய்வது? ராத்திரி யார் பார்த்துக்கொள்வது? இதே கேள்விகளை ஜொகூரும் நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டிருக்கிறது. அங்கே அந்த வெப்பம் வேலை செய்கிறவரின் விறைத்த விரல்களுக்கு. இங்கே சரக்குக்கு. ரப்பர் விற்கிறவர் உண்மையில் விற்பது அதிலிருந்து போன ஈரத்தை. எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு காசு. அதனால் காயவைக்கும் அடுப்பு யாருடைய கையில் இருந்தது என்று தேடிப்போனால், விலையைச் சொல்லும் வாய் யாருடையது என்பதும் தெரியவரும். புகைக்கூடத்தின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கியது இதற்காகத்தான்.

காட்டைத் தின்ற கொப்பரை

ஜொகூரில் முதலில் எரிந்த பெரிய தொழில் அடுப்பு ரப்பருக்கானதல்ல, காம்பிருக்கானது. காம்பிர் ஒரு கொடிவகைச் செடி. அதன் இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்து, சுண்டவைத்து, கட்டியாக்கி வெட்டுவார்கள். வெற்றிலையோடு மெல்லலாம், காசுக்கட்டி மாதிரி. ஆனால் பெரிய சந்தை ஐரோப்பாவில் இருந்தது. தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் அதை வாங்கினார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஜொகூர் ஆட்சியாளர்கள் ஒவ்வோர் ஆற்றங்கரையையும் ஒரு சீனத் தலைவருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்தத் தலைவர் காங்சு எனப்பட்டார். அவரின் கீழ் பெரும்பாலும் தியோச்சூ சீனர்கள் காட்டை வெட்டி மிளகும் காம்பிரும் போட்டார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொதிகொட்டகை. பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்காக இலை வேகும். அதற்கு விறகு வேண்டும். செடி போட்ட நிலத்தின் அளவுக்கு விறகுக் காடும் பக்கத்திலேயே தேவைப்பட்டது. சில வருஷங்களில் மண் சத்திழக்கும், விறகும் தீரும், கொப்பரை அடுத்த ஆற்றுக்குப் போகும். ஜொகூரின் உள்நாட்டு ஊர்கள் பல இப்படி அடுப்பு நகர்ந்த வழியில் உண்டானவை.

காங்சு முறை 1917இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே காற்று மாறிவிட்டது. 1909இல் ஜொகூர் ரயில் பாதை கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவரை முடிந்தது. பாதையின் இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டங்கள் வந்தன. 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று ரயில் நின்ற இடமெல்லாம் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். காம்பிர்க் கொப்பரை அணைந்த மண்ணில் இன்னோர் அடுப்பு மூட்டப்பட்டது.

புகை எங்கிருந்து வந்தது

ரப்பரைக் காயவைக்கப் புகை வேண்டும் என்பது மலாயாவில் கண்டுபிடித்த விஷயமில்லை. அமேசான் காட்டில் பால் சேகரித்தவர்கள் ஒரு துடுப்பையோ கம்பையோ பாலில் நனைத்து, பனைவகை மரமொன்றின் கொட்டைகளை எரித்து எழுப்பிய கனத்த புகையில் காட்டுவார்கள். ஒரு படலம் உறையும். மறுபடி நனைப்பார்கள், மறுபடி காட்டுவார்கள். இப்படிப் படலம் படலமாகச் சேர்ந்து பெரிய கறுத்த உருண்டையாகும். பாரா துறைமுகத்திலிருந்து போன அந்த உருண்டைதான் அப்போது உலகத்தின் முதல்தர ரப்பர்.

1876இல் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22, அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் மீண்டும் மீண்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிகரீதியாக முதலில் நட்டார். இந்த வரிசை பள்ளிப் பாடத்திலேயே வரும். விதை வந்தது, சீவும் முறை வந்தது. ஆனால் காயவைக்கும் முறை கேள்வியாகவே இருந்தது.

முதலில் இங்கே செய்தது தட்டில் உறையவைத்து, அழுத்தி, நிழலில் காயவைத்த வட்டங்கள். பிஸ்கட் என்றே பெயர். பார்க்க வெளுப்பாக, சுத்தமாக இருக்கும். வாங்குகிறவர்கள் நம்பவில்லை. பாரா உருண்டையின் உறுதி இதில் இல்லை என்றார்கள். அதோடு ஈரக்காற்றில் அது பூசணம் பிடித்தது. தோட்டங்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

வெயில் ஒன்று. செலவில்லை. ஆனால் நேர்வெயில் ரப்பரைக் கெடுத்துப் பிசுபிசுப்பாக்கும். மழை மாதங்களில் வெயிலே கிடைக்காது. இரண்டாவது, காற்று. பாலை மிக மெல்லிய கிரேப்பாக உருட்டி உயரமான கொட்டகைகளில் தொங்கவிடலாம். வெளிர் கிரேப்புக்கு நல்ல விலை உண்டு. ஆனால் நிறைய இயந்திரம், நிறையத் தண்ணீர், பெரிய கட்டடம் வேண்டும். மூன்றாவது, புகையில்லாத சூடான காற்று. இதற்கு வெப்பத்தை மட்டும் கடத்தும் குழாய்கள் வேண்டும். புகையின் காவலும் கிடைக்காது. நான்காவது, விறகுப் புகை. வெட்டிய காட்டின் மரம் சும்மா கிடந்தது. பின்னால் மறுநடவுக்காக வெட்டிய கிழட்டு ரப்பர் மரங்களே கிடைத்தன. விறகுப் புகையில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்கள் பூசணத்தைத் தடுத்தன. ஈரம் ஒரு பக்கம், விறகு ஒரு பக்கம். ஜொகூரின் பெரும்பாலான தோட்டங்கள் புகையைத் தேர்ந்ததில் ஆச்சரியமில்லை. ஒரே அடுப்பு இரண்டு வேலை செய்தது: காயவைத்தது, காவலும் காத்தது.

தீ எரியக்கூடாது, புகையணும்

தோட்டத்தில் இதெல்லாம் நடக்கும் இடத்துக்கு மொத்தமாக 'ஸ்டோர்' என்றுதான் பெயர். காலையில் சீவிய பால் காண்டா வாளியில் வந்து சேரும். தண்ணீர் கலந்து பதமாக்கி, தொட்டியில் ஊற்றி, தகடுகளைச் செருகி, பார்மிக் ஆசிட் விடுவார்கள். மறுநாள் தோசை மாவை வெட்டி எடுத்த மாதிரி வெள்ளைப் பாளங்கள் கிடைக்கும். அவற்றை உருளைகளுக்கு நடுவில் விட்டுவிட்டு எடுத்தால் தண்ணீர் பிழிந்து மெல்லிய ஷீட்டாகும். கடைசி உருளையில் வரிப்பள்ளம் இருக்கும். அந்த வரிகள் அழகுக்காக இல்லை. காற்றும் புகையும் படும் பரப்பைக் கூட்டும், ஷீட்டும் ஷீட்டும் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். ஆர்.எஸ்.எஸ் என்ற பெயரில் வரும் முதல் எழுத்து இந்த வரியைத்தான் குறிக்கிறது: வரியிட்ட, புகையூட்டிய ஷீட்.

நீர் சொட்டி முடிந்ததும் கம்புகளில் போட்டுப் புகைக்கூடத்துக்குள் ஏற்றுவார்கள். பழைய கூடங்களில் தரையிலேயே தீ மூட்டினார்கள். மேலிருந்து ஒரு ஷீட் நழுவித் தீயில் விழுந்தால் போதும், கூடமே போய்விடும். அதனால் தீக்கும் சரக்குக்கும் நடுவில் கம்பிவலை வந்தது. பிறகு அடுப்பையே கட்டடத்துக்கு வெளியே வைத்து, தரைக்கடியில் குழாய்போட்டுப் புகையை உள்ளே விடும் முறை வந்தது. ரப்பர் ஆய்வுக்கழகம் பரப்பிய சுரங்கக் கூடத்தில் ஷீட்டுகள் தள்ளுவண்டியில் நகரும்; குளிர்ந்த வாயிலில் நுழைந்து சூடான வாயிலில் வெளியே வரும். நான்கு நாள் பயணம். நுழையும்போது 40, 45 டிகிரி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறி, கடைசி நாளில் 60ஐத் தொடும்.

இந்த எண்களில்தான் வித்தை இருக்கிறது. முதல் நாளே சூட்டைக் கூட்டிவிட்டால் மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே ஈரம் சிக்கும், குமிழி போடும். 60ஐத் தாண்டினால் கொப்பளிக்கும். சூடு போதாமல் நாள் நீண்டால், நடுவில் காயாத வெள்ளைத் திட்டு நிற்கும். தாமதமாகக் காய்ந்த ஷீட்டின் மேல் துருமாதிரி ஒரு படலம் படியும். இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். காற்றே போகாமல் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லை. முழுக்கத் திறந்தால் சூடு நிற்காது. கூரையில் இருக்கும் காற்றுவழியை எவ்வளவு திறப்பது என்பது மழையையும் விறகையும் பொறுத்தது.

என் பெரியப்பா குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஸ்டோர் வேலை பார்த்தவர். அவர் சொன்னதில் எனக்கு நன்றாக நினைவிருப்பது இது: "தீ எரியக்கூடாதுடா, புகையணும். எரிஞ்சா சூடுதான் வரும். புகைஞ்சாத்தான் சூடும் வரும், நெறமும் வரும்." முழுக்கக் காய்ந்த விறகு அவருக்குப் பிடிக்காது. கொஞ்சம் பச்சை வேண்டும். மழைக்காலத்தில் எல்லா விறகும் பச்சையாகிவிடும், அப்போது காய்ந்ததை எங்கேயாவது ஒளித்துவைத்திருக்க வேண்டும் என்பார். ராத்திரி இரண்டு தடவை எழுந்து அடுப்பைப் பார்ப்பார். தெர்மாமீட்டர் சுவரில் தொங்கும். கிராணி வந்து கேட்டால் அதைப் பார்த்துச் சொல்வார். தனக்குச் சந்தேகம் வந்தால் கதவைத் திறந்து முகத்தை நீட்டுவாராம். "மூஞ்சிக்குத் தெரியாததா?"

நான்காம் நாள் வெளியே வருவது தேன் நிற ஷீட். அதன் பின் பெண்களின் வேலை. அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் ஒவ்வொரு ஷீட்டையும் விரித்து, குமிழி, மரத்தூசி, வெள்ளைத் திட்டு எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார்கள். பிறகு தரம்: 1 எக்ஸ், 1, 2, 3, 4, 5. இந்தத் தரப்பிரிப்பு முழுக்க முழுக்கக் கண்ணால் நடந்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் வாங்கியவர்கள் நம்பியது ஆய்வுக்கூட எண்ணை இல்லை. ஜொகூரின் ஏதோ ஒரு ஸ்டோரில், வெளிச்சத்துக்கு முன்னால் குனிந்திருந்த ஒரு பெண்ணின் கண்ணை நம்பினார்கள். அதற்கு முந்தைய நான்கு இரவுகள் விழித்திருந்த ஒருவரின் முகத்தை நம்பினார்கள்.

நம் தோட்ட இலக்கியத்தில் உளியும் மங்கும் பெரட்டுக்களமும் வருகிற அளவுக்கு இந்த அடுப்பு வருவதில்லை என்பது என் வாசிப்பு. சீவுவது வெளியில் நடக்கிறது, விடியலில் நடக்கிறது, படமாகத் தெரிகிறது. புகைக்கூடம் மூடிய கதவு. உள்ளே நுழைந்தவர் கண்ணெரிச்சலோடும் இருமலோடும் வெளியே வருவார். அதைப் பற்றி என்ன எழுதுவது என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

அடுப்பில்லாதவன் சரக்கு

இதுவரை சொன்னது பெரிய தோட்டத்துக் கதை. மூவாரிலும் பத்து பகாட்டிலும் சில ஏக்கர் வைத்திருந்த மலாய், ஜாவா, சீனக் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த சாய்ப்புதான் பட்டறை. தகரத் தட்டில் பாலை உறையவைத்து, கையால் சுற்றும் உருளையில் பிழிந்து, வேலிக்கம்பியிலும் அடுப்படி மேலும் தொங்கவிடுவார்கள். புகைக்கூடம் கட்டும் அளவுக்குத் தினசரிப் பால் அவர்களிடம் இல்லை. சின்னதாகக் கட்டினாலும் விறகுச் செலவு குறையாது. பழைய கூடங்களில் ஒரு கிலோ ரப்பரைக் காயவைக்க ஏறக்குறைய ஒரு கிலோ விறகு வேண்டியிருந்தது. கூடம் சின்னதாக ஆக, சுவர் வழியே வீணாகும் வெப்பத்தின் பங்கு கூடும்.

ஆகவே அவர்கள் புகையூட்டாத ஷீட்டைக் கடைக்காரரிடம் விற்றார்கள். அது பாதிதான் காய்ந்திருக்கும். கடைக்காரர் கையில் தூக்கிப் பார்ப்பார், வளைத்துப் பார்ப்பார், "தண்ணி இவ்வளவு இருக்கு" என்று ஒரு கழிவு சொல்வார். தண்ணீர் எவ்வளவு என்று நிரூபிக்க விற்பவரிடம் எந்த வழியும் இல்லை. காய்ந்த பிறகுதான் தெரியும். காய்வது கடைக்காரரின் புகைக்கூடத்தில். அடுப்பு வைத்திருப்பவர் ஈரத்தை வாங்கி உலர்வை விற்றார்; நடுவிலிருந்த வித்தியாசம் அவருக்கு.

1950களில் இந்தச் சங்கடம் தமிழர் பக்கமும் வந்தது. சுதந்திரம் நெருங்கும்போது பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் தொழிற்சங்கங்கள் அலறிய விஷயம் இதுதான். 1951 முதல் 1960 வரை நடந்ததை உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் விரிவாக ஆராய்ந்தார்கள். துண்டாடலில் வேலையும் வீடும் போனது பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆயிரம் ஏக்கரை நூறு துண்டாக்கலாம். ஸ்டோரை நூறு துண்டாக்க முடியாது. புகைக்கூடம் ஒரு துண்டில் நின்றுவிடும். மற்றத் துண்டுகளை வாங்கியவர்கள் ஒரே நாளில் அடுப்பில்லாதவர்கள் ஆனார்கள்.

துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் சேர்த்த பணத்தில் தோட்டங்களை முழுசாக வாங்க வேண்டும் என்பதே நோக்கம். நிலத்தைப் பிரிக்காமல் காப்பது என்று அதை உணர்ச்சியோடு சொல்வார்கள். அதற்குள் ஒரு கடுமையான தொழில் கணக்கும் இருந்தது: பாலும் அடுப்பும் ஒரே கையில் இருந்தால்தான் தோட்டம் தோட்டமாக இருக்கும்.

விளக்கெண்ணெயும் டீசலும்

புகைக்கூடத்தை முடித்துவைத்ததற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. சில வருஷங்களுக்குள் அவர்கள் செயற்கை ரப்பரைப் பெரிய அளவில் தயாரித்தார்கள். போர் முடிந்த பிறகும் அது போகவில்லை. கையடக்கமான கட்டியாக, பிளாஸ்டிக் சுற்றி, இன்ன அளவுக்குள் இன்னது இருக்கும் என்ற எண்களோடு வந்தது. அதன் பக்கத்தில் நம் ஆர்.எஸ்.எஸ், நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் பெரிய பொதியாக, கண்ணை நம்பி வாங்கும் சரக்காக நின்றது. டயர்த் தொழிற்சாலைக்காரருக்கு எது வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

பதிலாக மலேசியா 1965இல் எஸ்.எம்.ஆர் என்ற புதிய தரமுறையைக் கொண்டுவந்தது. தரத்தைக் கண் சொல்லாது, ஆய்வுக்கூடம் சொல்லும். எஸ்.எம்.ஆர் 5, 20, 50 என்ற பெயர்களில் இருக்கும் எண், தொடக்கத்தில் அனுமதித்த அழுக்கின் உச்ச அளவு: 0.05, 0.20, 0.50 விழுக்காடு. ஷீட் வடிவமும் போனது. ரப்பரைப் பொடிப் பொடியாக உதிர்த்து, காயவைத்து, அழுத்தி, சுமார் 33 கிலோ கட்டியாக்கினார்கள். உதிர்ப்பதற்கு ரப்பர் ஆய்வுக்கழகம் கண்டுபிடித்த ஒரு முறையில் சேர்த்தது என்ன தெரியுமா? விளக்கெண்ணெய். பாலில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக அதைச் சேர்த்தால், உருளையில் போகும்போது கட்டி ஒட்டாமல் உதிரும். பாட்டிகள் பிள்ளைகளுக்கு வாயைப் பிளந்து ஊற்றிய அதே எண்ணெய்.

உதிர்த்த துகளுக்கு நான்கு நாள் தேவையில்லை. டீசல் எரித்து, 100 டிகிரிக்கும் மேல் சூடாக்கிய காற்றை ஊதினால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். விறகு வேண்டாம், ராத்திரி எழ வேண்டாம், முகத்தை நீட்ட வேண்டாம். எந்தச் சரக்கை வேண்டுமானாலும் கலக்கலாம்: கட்டிப்பால், ஒட்டுப்பால், கடைசரக்கு. சிறுதோட்டக்காரர்களின் ரப்பரை வாங்கிப் பதப்படுத்த அரசு நிறுவனங்களும் வந்தன. நியாயமாகச் சொன்னால் இதில் நன்மை இருந்தது. புகையில் இருமிய தலைமுறை ஒன்று நின்றது. காடும் கொஞ்சம் பிழைத்தது.

ஆனால் இந்த அடுப்பைத் தனி ஆள் வீட்டுக்குப் பின்னால் வைக்க முடியாது. ஒவ்வொரு தோட்டமும்கூட வைக்க முடியாது. பல தோட்டங்களுக்கு ஒரு தொழிற்சாலை என்றானது. ஸ்டோர்கள் ஒவ்வொன்றாக மூடின. பின்னாலேயே ஜொகூரின் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, மரங்கள் விழுந்தன, ஆட்கள் தாமானுக்கும் பாசிர் கூடாங் வேலைக்கும் சிங்கப்பூர் பஸ்ஸுக்கும் போனார்கள். பெரியப்பாவின் கைவேலைக்கு எந்தச் சான்றிதழும் இருந்ததில்லை. 40க்கும் 60க்கும் நடுவில் இருந்த அந்த அறிவு வேறெந்த வேலைக்கும் ஆகவில்லை.

குமரியில் இன்னும் எரிகிறது

எல்லா ஊரிலும் இப்படி ஆகவில்லை. அதே மரம், அதே தமிழ், வேறொரு முடிவு: கன்னியாகுமரி மாவட்டம். குலசேகரம், திற்பரப்பு பக்கத்தில் சில ஏக்கர் வைத்திருப்பவர்கள் இன்றும் ஷீட் அடிக்கிறார்கள். கேரளத்திலும் இதே நிலைதான். மலேசியாவின் ரப்பர் பெரும்பாலும் கட்டியாக வெளியேற, இந்தியாவின் ரப்பரில் ஷீட் இன்னும் பெரும்பங்கு வகிக்கிறது. அங்கே வீட்டோடு ஒட்டிய சின்னப் புகைக்கூடம் என்பது பழங்கதை இல்லை. இந்த வருஷம் கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும் செலவு. விறகா, சிரட்டையா? தனியாகக் கட்டுவதா, உற்பத்தியாளர் சங்கத்தோடு சேர்ந்து பொதுக் கூடத்தைப் பயன்படுத்துவதா? அதுவும் முடியாதென்றால் அடுக்களை மேலே தொங்கவிடுவதா? குமரிக்கும் ஜூன் மழை, அக்டோபர் மழை என்று இரண்டு ஈரக்காலம் உண்டு.

ஷீட் கையில் இருந்தால் ஒரு சௌகரியம். காய்ந்த ஷீட் கெடாது. விலை சரியில்லையென்றால் பரணில் அடுக்கிவைத்துக் காத்திருக்கலாம். மகள் கல்யாணத்துக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து விற்கலாம். அடுப்பு வைத்திருப்பவருக்குக் கிடைப்பது உலர்வு மட்டுமில்லை, காத்திருக்கும் உரிமையும்தான்.

ஜொகூரில் இன்று ரப்பர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு அந்த உரிமை கொஞ்சம்தான். மலேசிய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிறுதோட்டங்களிலிருந்தே வருகிறது. பெரும்பாலானவர்கள் ஷீட் அடிப்பதில்லை. பால் மங்கிலேயே உறைந்து கட்டியாகட்டும் என்று விட்டு, சில நாள் கழித்து மூட்டையில் அள்ளிக்கொண்டுபோய் விற்கிறார்கள். வேலை குறைவு, உண்மைதான். ஆனால் அந்தக் கட்டியில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கலாம். எவ்வளவு என்று வாங்குகிறவர் பார்த்துச் சொல்கிறார். நூறு வருஷத்துக்கு முன் மூவார்க் கடையில் ஷீட்டை வளைத்துப் பார்த்த அதே கை. அன்று குறைந்தபட்சம் அடுப்படி மேல் இரண்டு நாள் தொங்கவிட்டுக் கொண்டுபோகலாம்.

அதே மரம், அதே சூடு

மூவாருக்கு இப்போது வேறு பெயர் உண்டு: பெர்சத்துவான் கடைப்பலகைகளில் பார்க்கலாம், பண்டார் பெராபோட், தளவாட நகரம். மலேசியாவின் தளவாட ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த வட்டாரத்திலிருந்து போகிறது. மூலப்பொருள் ரப்பர் மரம். ஒருகாலத்தில் விறகுக்குத்தான் ஆகும் என்று ஒதுக்கிய மரம், 1970களுக்குப் பிறகு மேசையாகவும் கட்டிலாகவும் மாறியது. அறுத்தவுடனே பூச்சியும் பூசணமும் பிடிக்கும் என்பதால் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள். பிறகு உலர்த்தும் அறைக்குள் அடுக்குகிறார்கள். உள்ளே மெதுவாக ஏற்றும் சூடு 60, 70 டிகிரியைத் தொடும். வேகமாகக் காயவைத்தால் பலகை வெடிக்கும், வளையும். ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். கொதிகலனில் எரிவது பெரும்பாலும் அதே மரத்தின் கழிவுத் துண்டுகள்.

அதாவது, ஒருகாலத்தில் தன் பாலைக் காயவைக்க எரிந்த மரம், இப்போது தன் பலகையைக் காயவைக்க எரிகிறது. முறையும் அதேதான்: ஈரமான பொருளை அவசரப்படுத்தாதே, உள்ளிருக்கும் தண்ணீருக்கு வெளியே வர நேரம் கொடு. அந்தப் பொறுமையின் பெயர் இப்போது உலர்த்தல் அட்டவணை. கணினித் திரையில் ஓடுகிறது.

தோட்ட வரலாற்றை எழுதும் இளையவர்கள் பலர் இப்போது முதியவர்களைப் பதிவு செய்கிறார்கள். கப்பல், கங்காணி, சயாம் ரயில், பெரட்டு, தவறணை எல்லாம் கேட்கிறார்கள். நல்லது. ஸ்டோரில் வேலை செய்தவர்கள் கிடைத்தால் இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன விறகு போட்டீர்கள்? மழை மாதத்தில் காய்ந்த விறகை எங்கே வைத்தீர்கள்? காற்றுவழியை எப்போது திறந்தீர்கள்? ஷீட் வெந்துவிட்டது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டீர்கள்? கண்ணாடி மேசையில் நின்ற அம்மாக்களிடம், ஒன்றாம் நம்பருக்கும் இரண்டாம் நம்பருக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். ஆய்வுக்கழகத்தின் கையேடுகளில் டிகிரிகள் இருக்கின்றன. அந்த டிகிரிகளை ராத்திரி இரண்டு மணிக்குக் காத்தவர்களின் சொற்கள் அவற்றில் இல்லை. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்குப் பக்கம்.